நின்ற இடத்தைச் சொல்லும் எண்

நாட்றாம்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அது கடைக்காரர் ஒருவரின் தொல்லையோடு முடிவதில்லை. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவர், பட்டா நகல் எடுக்க வந்தவர், கல்லூரிச் சேர்க்கைக்குப் படிவம் நிரப்ப வந்த பிள்ளை என எல்லாருமே அன்று வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையில் இருக்கிற ஊர் அது. பழுது பார்க்க வேண்டுமென்றால், எல்லாரும் 'சிபியு' என்று சொல்கிற அந்தப் பெட்டியைத் துணியில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் கொண்டுபோக வேண்டும். அங்கே உதிரி கிடைக்காவிட்டால் எல்லை தாண்டிப் பெங்களூரு எஸ்.பி. ரோடு.

அவ்வளவு தூரம் போகிற பெட்டிக்குப் பல நேரம் கிடைக்கும் தீர்ப்பு ஒரே வரிதான்: "போர்டு போயிடுச்சு." உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால் ரேம் சரியாக உட்காராமல் இருந்தாலும் வெளியே தெரிகிற அறிகுறி அதுவேதான். ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். முதலாவதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு, இரண்டாவதற்கு ஐந்து நிமிட வேலை. இரண்டையும் பிரித்துக் காட்டும் தகவலை மதர்போர்டு தானாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது. பீப் சத்தமாகவோ சின்ன விளக்காகவோ இரண்டு இலக்க எண்ணாகவோ அது வரும். அதைக் கேட்க யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை என்பதுதான் குறை.

பவர் பட்டனை அழுத்தியதும் நடப்பதை மெதுவாகப் பார்ப்போம். பட்டன் நேரடியாக எதையும் ஓட்டுவதில்லை. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் ஓர் ஊதா வயர் வழியாகப் போர்டுக்கு எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது. பட்டனை அழுத்தினால் போர்டு பச்சை வயரைக் கிரவுண்டோடு சேர்க்கும். அதைப் பார்த்துத்தான் பவர் சப்ளை முழுதாக ஓடத் தொடங்கும். 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் நிலைக்கு வந்தபின், 100 முதல் 500 மில்லி விநாடிக்குள் சாம்பல் நிற வயரில் 'எல்லாம் சரி' என்ற சமிக்ஞையை அனுப்பும். அது வரும்வரை பிராசஸர் ரீசெட்டிலேயே பிடித்து வைக்கப்பட்டிருக்கும். வருடக்கணக்கில் லோ வோல்டேஜில் அடிபட்ட பவர் சப்ளை இந்தச் சமிக்ஞையைத் தராமலே போவதுண்டு. அப்போது ஃபேன் சுற்றலாம், விளக்கும் எரியலாம். எண் எதுவும் நகராது.

சமிக்ஞை கிடைத்ததும் பிராசஸர் தன் முதல் கட்டளையைத் தேடிப் போகும் இடம் மாறாதது. 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள முகவரி அது. அந்த முகவரி சுட்டுவது ரேமை அல்ல. போர்டில் இருக்கும் எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பை. கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் முதல் நிரலான பயாஸ் குடியிருப்பது அங்கேதான்.

இந்த இடத்தில் ஓர் அழகான சிக்கல் இருக்கிறது. நிரல் ஓட நினைவகம் வேண்டும். நினைவகத்தைத் தயார்செய்யவோ நிரல் ஓட வேண்டும். இன்டெல் போர்டுகளில் பயாஸ் இந்த முடிச்சை அவிழ்க்கும் விதம் இதுதான்: பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷைத் தற்காலிக நினைவகமாக வைத்துக்கொள்கிறது. அந்தக் கொஞ்ச இடத்தில் இருந்துகொண்டே, ரேம் பலகையின் மேலிருக்கும் ஒரு குட்டிச் சிப்பைப் படிக்கிறது. இந்த ரேம் எத்தனை ஜிபி, என்ன வேகம், எவ்வளவு வோல்ட் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதன்பிறகு 'டிரெய்னிங்'. பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே 64 தரவுத் தடங்கள் ஓடுகின்றன. இன்றைய வேகத்தில் விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்து, அதில் சில பத்துத் துளி முன்பின் வந்தாலும் தரவு பிசகிவிடும். அதனால் பயாஸ் ஒரு மாதிரித் தரவை எழுதிப் படித்து, எந்தக் கணத்தில் படித்தால் பிழையின்றிக் கிடைக்கிறது என்று தடம் தடமாகக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்கிறது. டிடிஆர்5 போர்டில் புது ரேம் போட்டு முதல் தடவை ஓட்டினால் இந்த வேலைக்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். திரை கறுப்பாக இருக்கிறதே என்று அதற்குள் ஆஃப் செய்துவிட்டு, புது போர்டே டெட் என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போனவர்கள் இருக்கிறார்கள்.

கிராஃபிக்ஸ், யுஎஸ்பி, கீபோர்டு, ஹார்டு டிஸ்க் எல்லாம் இதற்குப் பிறகுதான். திரையில் முதல் எழுத்து விழுவதற்குள் கடினமான வேலைகள் பல முடிந்துவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் கோளாறு வந்தால் திரையை வைத்துச் சொல்ல முடியாது. வேறு வழி ஒன்று தேவைப்பட்டது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோதே இந்த வழி அதில் இருந்தது. எல்லாம் சரி என்றால் ஒரே ஒரு சிறு பீப். தவறு இருந்து, திரையும் ஓடினால் அதில் ஓர் எண் வரும். 201 என்றால் மெமரி, 301 என்றால் கீபோர்டு. 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி இன்னொரு படி போனது. ஒவ்வொரு சோதனைக் கட்டத்துக்கும் ஓர் எண் வைத்து, அதை 80 என்ற எண்ணுள்ள போர்ட்டுக்கு (சாதன முகவரிக்கு) அனுப்பியது. தொழிற்சாலையில் போர்டைச் சோதிக்கிறவர்களுக்கான ஏற்பாடு அது. அந்தப் போர்ட்டில் வரும் எண்ணைப் பிடித்து இரண்டு இலக்கமாகக் காட்டும் குட்டிக் கார்டு ஒன்று பின்னால் சந்தைக்கு வந்தது. சர்வீஸ்காரர்கள் 'டீபக் கார்டு' என்று சொல்வது இதைத்தான். இன்று விலை கூடிய போர்டுகளில் அந்த இரண்டு இலக்கக் காட்டி போர்டிலேயே பதித்து வருகிறது. நடுத்தர விலையில் நான்கு சிறு எல்இடி இருக்கும். சிபியு (இங்கே பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் என்று பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள். மலிவான போர்டுகளில் பல நேரம் இரண்டும் இருக்காது. பஸ்ஸர் மாட்ட நான்கு முள் இருக்கும், பஸ்ஸர் இருக்காது.

இது எனக்குச் சரியாகப் படவில்லை. பஸ்ஸர் சில பத்து ரூபாய்ப் பொருள். மலிவான போர்டை வாங்குகிறவர்தான் பெரும்பாலும் சர்வீஸ் கடைக்குத் தொலைவில் இருக்கிறார். அவருக்கு மிகவும் தேவைப்படுகிற ஒன்றை அவருடைய போர்டிலிருந்துதான் எடுத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யச் சொல்லும்போதே பஸ்ஸர் ஒன்று மாட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

எண்களின் பொருள் பயாஸை எழுதிய நிறுவனத்தைப் பொறுத்து மாறும். கடைகளில் கிடைக்கும் அசெம்பிள் போர்டுகள் பலவற்றில் ஓடுவது ஏஎம்ஐ பயாஸ். அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் என்ற அந்த நிறுவனத்தை 1985-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கியவர்கள் சுப்ரமணியன் சங்கர், பாட் சர்மா என்ற இருவர். சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. அந்த எண்கள் பதினாறின் அடிமானத்தில் எழுதப்படுகின்றன. 0 முதல் 9 வரை, அதன்பின் ஏ முதல் எஃப் வரை. இரண்டு இலக்கத்தில் 256 நிலைகளைக் காட்டிவிடலாம். ஏழு கோட்டுக் காட்டியில் படிக்கும்போது கவனம் வேண்டும். பி என்பதைச் சிறிய எழுத்தாகத்தான் அதில் வரைய முடியும். அவசரத்தில் பார்த்தால் 6 மாதிரியே தெரியும். மேல் கோடு எரிந்தால் 6, எரியாவிட்டால் பி. டி-யும் அப்படியே, சிறிய எழுத்துதான். 0 என்று படித்து ஏமாந்துவிடக் கூடாது.

எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வரிசையைப் புரிந்துகொண்டால் போதும். ஏஎம்ஐ-யின் இன்றைய பயாஸில் சிறிய எண்கள் பிராசஸர் விழிக்கும் கட்டம். 10-லிருந்து 2எஃப் வரை ரேம் தயாராகும் வரையிலான வேலைகள். 31 வந்தால் ரேம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 50-களில் நின்றால் பெரும்பாலும் ரேம் தகராறு: 51 என்றால் ரேமின் குட்டிச் சிப்பைப் படிக்க முடியவில்லை, 53 என்றால் பயன்படும் ரேம் எதுவும் இல்லை, 55 என்றால் ரேம் மாட்டியதாகவே தெரியவில்லை. 90-களுக்கு வந்துவிட்டால் பிசிஐ, யுஎஸ்பி என்று பக்கச் சாதனங்களைத் தேடும் கட்டம். ஏ2 என்றால் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருக்கிறது. டி6 என்றால் படம் காட்ட எந்தச் சாதனமும் கிடைக்கவில்லை. ஏ9 பலரைப் பயமுறுத்தும். அது பழுதே அல்ல, பயாஸ் செட்டப் திறந்து காத்திருக்கிறது என்று பொருள். மானிட்டர் வயரைச் சரிபார்த்தால் செட்டப் திரை தெரியும்.

இவ்வளவையும் சொன்னபிறகு, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். எண் பழுதான பாகத்தின் பெயரல்ல. இயந்திரம் கடைசியாக எந்த வேலையைத் தொடங்கியபோது நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. தேன்கனிக்கோட்டையிலிருந்து புறப்பட்ட பஸ் அஞ்செட்டியைத் தாண்டி, நாட்றாம்பாளையம் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாலையில் தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. டயர் வெடித்ததா, டீசல் தீர்ந்ததா, யானை மறித்ததா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள்தான் நல்ல ரேமைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள்.

55 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். ரேம் இல்லை என்கிறது. ரேம் செத்திருக்கலாம். விலகியிருக்கலாம். ஸ்லாட்டில் தூசி, கரப்பான்பூச்சி எச்சம் என்று ஏதாவது அடைத்திருக்கலாம். இதையெல்லாம் யாரும் யூகித்துவிடுவார்கள். யூகிக்காத இடம் ஒன்று உண்டு, அதுதான் பிராசஸர் சாக்கெட். ஒருகாலத்தில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது. ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் அதைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. ரேமிலிருந்து வரும் தடங்கள் எல்லாம் இப்போது சாக்கெட்டின் முள்கள் வழியாகத்தான் பிராசஸரை அடைகின்றன. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் பெயரிலேயே இருப்பதுபோல் 1700 முள்கள், ஒவ்வொன்றும் முடியளவு மெல்லிய ஸ்பிரிங். அதில் ஒன்று வளைந்தாலும், கூலரின் ஸ்க்ரூவை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கிப் பிராசஸர் சாய்ந்திருந்தாலும், ஒரு ரேம் ஸ்லாட் முழுவதுமே காணாமல் போகலாம். அப்போதும் போர்டு காட்டுவது ரேம் எண்ணைத்தான். ரேமை மாற்றி மாற்றிப் போட்டும் எண் அசையவில்லையென்றால் கூலரைக் கழற்றிச் சாக்கெட்டை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

00 அல்லது எஃப்எஃப் என்று தொடக்கத்திலிருந்தே அசையாமல் நின்றால் பிராசஸர் முதல் கட்டளையைக்கூட ஓட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். உடனே பிராசஸர் போச்சு, போர்டு போச்சு என்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது பிராசஸருக்குப் பக்கத்தில் மாட்டும் நான்கு அல்லது எட்டு முள் கொண்ட 12 வோல்ட் வயர். பெரிய 24 முள் கனெக்டர் மட்டும் மாட்டியிருந்தாலே ஃபேன் சுற்றும், விளக்கு எரியும். பிராசஸருக்கான மின்சாரம் வருவது அந்தச் சின்னக் கனெக்டரில். கேபினெட்டின் மூலையில் ஒளிந்திருப்பதால் அசெம்பிள் செய்யும்போது விட்டுப்போகிற பொருள் இதுதான்.

ஓசூரில் சர்வீஸ் செய்யும் நண்பர் ஒருவரின் கடையில் உட்கார்ந்திருந்தபோது அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஸ்டுடியோ பையன்.

"அண்ணா, ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே மட்டும் வரலண்ணா."

"போர்டுல நம்பர் ஏதாச்சும் நிக்குதாப்பா?"

"அஞ்சு அஞ்சுன்னு நிக்குது."

"பிளக்கைப் பிடுங்கு. பவர் பட்டனைப் பத்து செகண்டு அழுத்திப் பிடி. அப்புறம் ரேமைக் கழட்டி ஒண்ணே ஒண்ணு மட்டும் மாட்டு. ஸ்லாட் கிளிப் 'டக்'குன்னு சத்தம் போடணும்."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அழைப்பு. திரை இன்னும் கறுப்புதான். பையனின் குரல் இறங்கிப்போயிருந்தது. நண்பர் எண்ணைக் கேட்டார். டி6. அவர் முகம் மலர்ந்தது. 50-களிலிருந்து டி-வரிசைக்கு வந்துவிட்டால் ரேம் பிரச்சினை தீர்ந்தது, இயந்திரம் அந்தக் கட்டத்தைத் தாண்டி நடந்துவிட்டது என்று பொருள். ரேமை எட்டுவதற்காகக் கழற்றிய கிராஃபிக்ஸ் கார்டைப் பையன் மறுபடி சரியாக அழுத்தி மாட்டவில்லை. திரையைப் பார்க்கிறவருக்கு இரண்டு தடவையும் ஒரே தோல்வி. எண்ணைப் பார்க்கிறவருக்கு வெகுதூரம் முன்னேற்றம்.

பழுது பார்ப்பதன் முறையே இதில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எண் நகர்கிறதா என்று பார்ப்பது. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து ஒரே மூச்சில் மாட்டினால் ஓடினாலும் ஏன் ஓடியது என்று தெரியாது, ஓடாவிட்டாலும் எங்கே தேடுவது என்று தெரியாது. பிராசஸர், ஒரே ஒரு ரேம், படத்துக்கு ஒரு வழி. இவ்வளவோடு தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் உண்டா என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் பிராசஸரின் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரை வரவே வராது. ஏ2-வில் நின்றால் டிஸ்க் வயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எண் தாண்டிப் போனால் போர்டு நன்றாக இருக்கிறது. டிஸ்க்கோ வயரோ கெட்டிருக்கிறது.

ரேமின் தங்க முனையைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊரின் பழைய வைத்தியம். பல நேரம் வேலை செய்கிறது. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ரப்பர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிவிடும். ரப்பர்த் துகள் ஸ்லாட்டில் போய் உட்கார்ந்தால் அதுவே புதுப் பழுது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் தொட்டுத் துடைப்பதே நல்லது.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு பழுதையும் சொல்ல வேண்டும். இடி மின்னலுக்குப் பயந்து தினமும் மாலையில் பிளக்கையே பிடுங்கிவிடுவது இங்கே பலரின் வழக்கம். அது சரியான பழக்கம்தான், விட வேண்டாம். ஆனால் பிளக்கில் கரண்ட் இருக்கும்போது போர்டின் கடிகாரம் முன்பு சொன்ன ஊதா வயரின் மின்சாரத்தில் ஓடுகிறது. பிடுங்கிவிட்டால் முழுப் பாரமும் போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரிமேல் விழும். சிஆர்2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். அது சீக்கிரம் தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அமைப்புகள் அழிந்து, எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். எஃப்1 அழுத்தினால் விண்டோஸ் வரும், ஆனால் அரசு இணையதளம் எதுவும் திறக்காது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்தைக் கம்ப்யூட்டரின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பிரௌசர், பொருந்தவில்லை என்று தடுத்துவிடும். நெட் சரியில்லை, சர்வர் டவுன் என்று சொல்லி மக்களைத் திருப்பி அனுப்பும் மையங்களில் ஒரு தடவை திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால் நல்லது.

லேப்டாப்பில் எண் காட்டி கிடையாது, விளக்கு சிமிட்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் இந்த மலைக் கிராமங்களுக்கும் லேப்டாப் வந்தது. டெல் லேப்டாப்கள் பலவற்றில் பவர் அல்லது சார்ஜ் விளக்கு ஆரஞ்சில் இரண்டு, வெள்ளையில் மூன்று என்று மாறி மாறிச் சிமிட்டினால் ரேம் தெரியவில்லை என்று பொருள். ஹெச்பி-யில் கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டும். மாடலுக்கு மாடல் கணக்கு வேறு, ஆகவே மாடல் எண்ணைப் போட்டு அந்த நிறுவனத்தின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். கிராமத்துப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் அறைச் சுவரில், அந்த அறையில் இருக்கும் போர்டுக்கான அட்டவணையைத் தமிழில் எழுதி ஒட்டினால் என்ன? ஒரு பக்கம்தான் வரும்.

பயாஸ் அப்டேட்டில் மட்டும் கை வைக்கும் முன் யோசியுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த எட்டுக்கால் சிப் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிடும். அடுத்த தடவை பிராசஸர் முதல் கட்டளையைத் தேடிப் போகும்போது அங்கே உருப்படியாக ஒன்றும் இல்லாமல் போகலாம். யுபிஎஸ் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. செய்து மாட்டிக்கொண்டாலும் போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். புதிய போர்டுகள் சிலவற்றில் பின்பக்கம் உள்ள ஒரு பட்டனை அழுத்தினால் பென் டிரைவிலிருந்து பயாஸைத் தானே எழுதிக்கொள்ளும். மற்றவற்றில், புரோகிராமர் வைத்திருக்கும் சர்வீஸ்காரர் சிப்பின் மேல் ஒரு கிளிப்பை மாட்டி மறுபடி எழுதிவிடுவார்.

எல்லாம் செய்தும் நகராமல் ஓசூருக்குத்தான் போயாக வேண்டும் என்றால், பஸ் ஏறுமுன் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். போர்டின் மாடல், நின்ற எண் அல்லது எரிந்த விளக்கு, ஒவ்வொன்றையும் கழற்றியபோது அந்த எண் எப்படி மாறியது, பழுது வந்த அன்று மின்னலோ வோல்டேஜ் ஏற்ற இறக்கமோ இருந்ததா. பட்டனை அழுத்தியதிலிருந்து எண் ஓடி நிற்கும்வரை போனில் ஒரு வீடியோவும் எடுங்கள். எண்கள் வேகமாக ஓடும், கண் விட்டதை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். கடையில் பெட்டியை வைக்கும்போதே அதைக் காட்டிவிட்டால், பவர் சப்ளையிலிருந்து தொடங்காமல் நின்ற இடத்திலிருந்தே அவர் தேடத் தொடங்குவார்.